பட்டம் பெற்றபின் பள்ளி சென்ற மருத்துவர்கள்

மலாயாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாயிருந்த முதியோர், வார இறுதி நாட்களில் தாம் பயின்ற நார்மல் வகுப்புகளை மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து நாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆறாம் நாள் தாமே மாணவராகிப் பலகையில் அமர்வது ஆசிரியர்க்குப் பழகிப்போன செய்தி. ஆனால் மருத்துவரைப் பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணம் வேறு. கல்லூரியிற் பட்டம் பெற்று, அறுவைக் கத்தியைக் கையில் ஏந்திவிட்ட ஒருவர் அதன்பின் கற்கவேண்டியது ஒன்றுமில்லை என்றே பொதுமக்கள் கருதினர். மருத்துவர்களும் நெடுங்காலம் அவ்வாறே கருதி வந்தனர் என்பதுதான் வியப்பு. இந்த எண்ணம் தகர்ந்த துறைகளுள் முன்னிற்பது எலும்பு முறிவு மருத்துவம். அது தகர்ந்த வரலாறு, ஒரு தொழிலை எவ்வாறு கற்பிப்பது என்பதைப் பற்றிய வரலாறாகவும் இருப்பதால், ஆசிரியர்கள் அறிந்திருக்கத் தக்கது.

எலும்பு கட்டும் தொழில் எந்த நாட்டிலும் முதலில் குடும்பச் சொத்தாகவே இருந்தது. புத்தூர்க் கட்டைப் பற்றித் தமிழ் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தந்தை மகனுக்குக் கைபிடித்துக் காட்டிய கலை அது. மூங்கில் தப்பையும் துணியும் மருந்துப் பத்துமே அதன் கருவிகள். மேல்நாட்டிலும் இவ்வாறே. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கிள்சி தீவில் வழிவழியாக எலும்பு கட்டிவந்த ஒரு குடும்பம் இருந்தது. அக்குடும்பத்து இவான் தாமஸ் என்பார் லிவர்ப்பூல் துறைமுகத்தில் தொழில் நடத்தினார். பட்டம் பெறாத தம்மைப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் வழக்குமன்றம் வரை இழுத்ததைக் கண்டு, தம் புதல்வர் ஐவரையும் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். அவர்களுள் ஒருவரே ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891). பாட்டன் கைப்பழக்கமும் கல்லூரிக் கல்வியும் ஒருவரிடத்தில் வந்து கூடின. முறிந்த காலை அசையாது நிறுத்தி வைக்கும் இரும்புச் சட்டம் ஒன்றை அவர் அமைத்தார். தாமஸ் சட்டம் என்று இன்றும் அதற்குப் பெயர். ஆனால் அவர் பெரிய ஆஸ்பத்திரி எதிலும் பதவி வகித்ததில்லை. மாணவர் கூட்டம் அவரைச் சூழவுமில்லை. ஆகவே அவர் வாழ்ந்த நாளில் அச்சட்டம் லிவர்ப்பூலைத் தாண்டிப் பரவவில்லை.

அதைப் பரப்பியவர் அவருடைய மருமகன் முறையினரும் மாணவருமான ராபர்ட் ஜோன்ஸ் (1857–1933). மான்செஸ்டர் கப்பற் கால்வாய் 36 மைல் நீளத்திற்கு வெட்டப்பட்டபோது, 1888-ஆம் ஆண்டில் அப்பணிக்கு அறுவை மருத்துவராக ஜோன்ஸ் அமர்த்தப்பட்டார். மண்சரிவிலும் தண்டவாளத்திலும் கைகால் முறிவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. அவர் கால்வாய் நெடுகிலும் முதலுதவி நிலையங்களை வைத்தார். இடையிடையே மூன்று ஆஸ்பத்திரிகளை நிறுவினார். அங்கெல்லாம் எலும்பு முறிவில் பயிற்சி பெற்றவர்களை அமர்த்தினார். விபத்து நேர்ந்த இடத்திலிருந்து அறுவை மேசை வரை ஒரே ஒழுங்கு என்ற எண்ணம் அங்கே பிறந்தது எனலாம்.

முதல் உலகப் போரில் இது பெருஞ் சோதனைக்குள்ளாயிற்று. குண்டடிபட்டுத் தொடையெலும்பு முறிந்த போர்வீரன், ஆஸ்பத்திரி சேருமுன் வழியிலேயே இறந்துபோவது வழக்கமாயிருந்தது. தாமஸ் சட்டத்தைப் போர்முனையிலேயே பூட்டி அனுப்பத் தொடங்கியபின், இறப்பு 80 விழுக்காட்டிலிருந்து 20-க்கும் கீழே இறங்கியது என்று நூல்கள் கூறும். இக்கணக்கை அப்படியே ஏற்கத் தயங்கும் ஆராய்ச்சியாளரும் உண்டு. குருதியிழப்புக்கு மருத்துவம் அதே ஆண்டுகளில்தான் திருந்தியது. எவ்வாறாயினும் ஒன்று உறுதி: சட்டம் போருக்கு முன்பே இருந்தது, இல்லாதிருந்தது பயிற்சி. அதனைப் பூட்டும் வேலையைப் படிப்படியாகப் பிரித்து, படைப் பயிற்சிபோல் ஆணைச் சொல் சொல்லி, தூக்குக் கட்டில் சுமப்போர்க்குக் கற்றுக் கொடுத்தார்கள். இருளிலும் தவறாது பூட்ட வேண்டுமென்று கண்ணைக் கட்டிவிட்டும் பழக்கினார்கள். சொற்பொழிவால் வராதது இந்தப் பழக்கத்தால் வந்தது.

போர் முடிந்தபின் வியன்னா நகரத்து லோரென்ஸ் பூலர் (1885–1973) இத்துறையின் ஆசான் ஆனார். தொழிலாளர் காப்புறுதி நிறுவனத்தாரிடம் சென்று, முறிவைச் சரியாகக் கவனித்தால் ஊனமுற்றோர்க்கு வாழ்நாளெல்லாம் கொடுக்கும் உதவிப்பணம் எவ்வளவு குறையும் என்று கணக்கெழுதிக் காட்டினார். இரக்கத்தால் திறவாத கதவு எண்ணால் திறந்தது. 1925-இல் வியன்னாவில் விபத்து ஆஸ்பத்திரி எழுந்தது. 1929-இல் வெளிவந்த அவருடைய நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. பல நாட்டு மருத்துவர்கள் வியன்னா சென்று, அவர் அருகில் நின்று பார்த்துப் பயின்றனர். எலும்பை இழுத்து நேராக்கு. மாவுக்கட்டால் அசையாது நிறுத்து. கட்டுக்குள் அடங்காத மற்ற மூட்டுகளையெல்லாம் அசையச் செய் என்பதே அவர் முறையின் சாரம். கத்தி வைப்பதை அவர் பெரும்பாலும் விரும்பவில்லை.

அவர் அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. தோல் கிழிந்த முறிவு என்றால் அக்காலத்தில் சீழ். சீழ் என்றால் கால் எடுத்தல், அல்லது சாவு. 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் காத்துக் காலைப் பிழைக்க வைத்தார். அதன்பிறகே எலும்பைத் திறந்து பார்க்கும் துணிவு பிறந்தது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் எஃகுத் தகடுகளை வைத்துப் பார்த்தார். பெல்ஜியத்து ஆண்ட்வெர்ப் நகரில் ஆல்பின் லாம்போட் (1866–1955) தகடும் ஆணியும் தாமே செய்து எலும்பைப் பொருத்தினார். வயலின் செய்வதிலும் கை தேர்ந்தவர் அவர் என்றால், அந்தக் கை எத்தகையது என்று உணரலாம். ஆஸ்டியோசிந்தெசிஸ், அதாவது எலும்பு கூட்டுதல், என்ற சொல்லை வழக்கிற் கொணர்ந்தவர் அவரே. அவர்க்குப் பின் பிரஸ்ஸல்ஸ் நகரத்து ராபர்ட் டானிஸ், முறிந்த இரு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்தி இறுக்கும் தகடு ஒன்றை அமைத்து, 1949-இல் நூலும் எழுதினார். அவ்வாறு இறுக்கிய எலும்பு, புறத்தே புடைப்பு ஏதுமின்றி உள்ளுக்குள்ளேயே கூடிவிடுவதை எக்ஸ்ரே படங்களிற் காட்டினார்.

இவர்கள் மூவரும் வெறுங்கையர் அல்லர், வென்றவர்கள். ஆயினும் இவர்களைப் பார்த்துச் செய்தவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். லாம்போட்டின் கை இல்லாதவனிடம் லாம்போட்டின் தகடு சென்றால் என்ன நேரும்? ஆணி தளரும்; உலோகம் துருவேறும்; சீழ் கட்டும். மாவுக்கட்டில் கிடந்திருந்தால் கோணலாகவேனும் கூடியிருக்கும் எலும்பு, கூடாமலே போகும். குற்றம் முறையின்மீது சுமத்தப்பட்டது. கீல் நகரத்து கெர்ஹார்ட் குன்ட்ஷர், தொடையெலும்பின் உட்குழாயில் நீண்ட எஃகு ஆணியைச் செலுத்தும் முறையை 1940-இல் பெர்லினில் எடுத்துரைத்தபோதும் ஐயப்பட்டவரே மிகுதி. போர்க்காலமாகையால் அச்செய்தி ஜெர்மனிக்கு வெளியே நூல்வழி செல்லவுமில்லை. ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்ட எதிர்ப்படை வீரர்களின் தொடையை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, உள்ளே நீண்ட ஆணி கிடப்பதைக் கண்டு மருத்துவர்கள் திகைத்தார்கள். ஒரு மருத்துவ முறை நோயாளியின் உடம்பிற் பொதிந்து எல்லை கடந்தது விந்தையல்லவா?

இனி சுவிட்சர்லாந்து. மாரிஸ் முல்லர் (1918–2009) பீல் நகரிற் பிறந்தவர். போர் முடிந்தபின் எத்தியோப்பியா சென்று சிறிது காலம் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். 1950-இல் ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றிப் பார்த்தபோது பிரஸ்ஸல்ஸில் டானிஸைக் கண்டார். நெடுநாள் உடனிருந்து கற்கவில்லை. அந்தச் சந்திப்பே போதுமானதாயிற்று. ஊர் திரும்பி அம்முறையைத் தாமே கையாண்டு பார்த்தார். அப்பொழுது சுவிட்சர்லாந்தில் தொடை முறிந்தவர் எடை கட்டிய கயிற்றில் காலைத் தொங்கவிட்டு வாரக்கணக்கிற் படுத்துக் கிடப்பார். பின்னர் மாதக்கணக்கில் மாவுக்கட்டு. எலும்பு கூடும், ஆனால் முழங்கால் மடங்காது, தசை சூம்பும், கால் வீங்கும். முறிவு நோய் என்றே இதற்குப் பெயரிட்டார்கள். முறிவு ஆறியபின்னும் முறிவுக்குச் செய்த மருத்துவம் நோயாய் நின்றது. உழைத்துண்பவனுக்கு இது வாழ்நாள் தண்டனை.

1958 மார்ச்சில் கூர் நகரத்து ஆஸ்பத்திரியில், அங்குத் தலைமை மருத்துவராயிருந்த மார்ட்டின் அல்கோவர் நண்பர் சிலரைக் கூட்டினார். முல்லர் தம் முறையை விளக்கினார். அதே ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் பீல் நகரத்து உணவு விடுதி ஒன்றில் 13 பேர் கூடி ஒரு கழகம் அமைத்தனர். எலும்பு கூட்டும் வினாக்களுக்கான ஆய்வுக் குழு என்று அதன் ஜெர்மன் பெயரைத் தமிழிற் சொல்லலாம், சுருக்கமாக ஏ.ஓ. முல்லர், அல்கோவர், ஹான்ஸ் வில்லெனெகர், ராபர்ட் ஷ்னைடர், வால்டர் பாண்டி ஆகியோர் அதன் தூண்கள். இவர்கள் பெரும்பாலோர் பல்கலைக்கழகப் பேராசிரியர்களாக அப்போது இருக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. லீஸ்டால், இண்டர்லாகன் போன்ற சிற்றூர்களில் ஆஸ்பத்திரி நடத்தியவர்கள் அவர்கள். பனிச்சறுக்கில் கால் முறிந்தவனும், மரம் வெட்டுகையில் அடிபட்டவனும், தொழிற்சாலையிற் கை சிக்கியவனும் அவர்கள் வாசலில்தான் வந்து இறங்கினார்கள். பல்கலைக்கழகத்தார் ஏளனம் செய்தாலும் அவர்கள் கைவிடாததற்கு இதுவே காரணமாயிருக்க வேண்டும்.

அவர்கள் செய்த முதல் வேலை கருவிகளை ஒழுங்குபடுத்தியது. பெட்லாக் என்னும் ஊரில் சிறு பட்டறை வைத்திருந்த ராபர்ட் மாதிஸ் என்னும் இயந்திரத் தொழிலாளரிடம் முல்லர் தம் வரைபடங்களைக் கொடுத்தார். மருத்துவம் அறியாத அவர் உலோகத்தை அறிந்திருந்தார். துருவேறும் சிக்கலுக்குத் தீர்வு, கைக்கடிகார உலோகங்களை ஆராய்ந்துவந்த ஸ்ட்ராமன் நிறுவனத்திடமிருந்து கிடைத்தது. கடிகார நாட்டில் கடிகாரத்திற்கு வேண்டிய நுட்பம் எலும்புக்கு வந்து சேர்ந்தது.

கருவி வந்துவிட்டது, கருவியோடு பழைய ஆபத்தும் வந்தது. லாம்போட்டின் தகட்டுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரலாம் அல்லவா? ஏ.ஓ. குழுவினரின் உண்மையான பெருமை இவ்விடத்தில் அவர்கள் எடுத்த முடிவில் இருக்கிறது. பயிலாதவர் கையிற் கருவி போகக்கூடாது என்றனர். ஆரம்ப ஆண்டுகளில் தங்கள் குழுவினர்க்கும் தங்களிடம் பயின்றவர்க்கும் அப்பால் கருவிகள் செல்லாதவாறு பார்த்துக் கொண்டனர். பிறகு, பயில விரும்புவோர்க்கு ஒரு பள்ளியைத் திறந்தனர்.

பள்ளி கூடிய இடம் டாவோஸ். மலையுச்சித் தூய காற்றை நாடிக் காசநோயாளர்கள் ஐரோப்பாவெங்குமிருந்து வந்து தங்கிய ஊர் அது. தாமஸ் மான் 1924-இல் வெளியிட்ட மாய மலை என்னும் புகழ்பெற்ற நாவல் நிகழும் களமும் அதுவே. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தபின் காசநோய் விடுதிகள் வெறிச்சோடின. முன்பு காசநோய் ஆராய்ச்சி நடந்த கட்டடம் ஒன்றில் 1959-இல் ஏ.ஓ. குழுவினர் தங்கள் ஆராய்ச்சிக் கூடத்தை அமைத்தனர். 1960 டிசம்பரில் அங்கு முதல் பயிற்சி வகுப்பு நடந்தது.

அக்காலத்து மருத்துவ மாநாடு எப்படியிருக்கும் என்று வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். பேராசிரியர் மேடையிலிருந்து படிப்பார், மற்றவர் கேட்பர், கை தட்டிக் கலைவர். டாவோஸில் விரிவுரையும் இருந்தது. ஆனால் விரிவுரை முடிந்ததும் அனைவரும் மேசைக்குச் சென்றனர். மேசைமீது இறந்தோர் உடலினின்று எடுத்துப் பதப்படுத்திய எலும்புகளும், துரப்பணமும், தகடும், திருகாணியும் இருந்தன. துறைத் தலைவராயிருந்தவரும் அவருடைய இளம் உதவியாளரும் அடுத்தடுத்து நின்று துளையிட்டனர். மாவட்டத்தையே ஆட்டிவைத்த பெரிய டாக்டர் ஒருவர், தவறாகப் போட்ட துளையைத் தம்மினும் இளையவர் திருத்தக் கேட்டுக்கொண்டு நிற்பதென்றால், அக்கால ஐரோப்பிய ஆஸ்பத்திரியின் படிநிலையை அறிந்தோர்க்கு அது சிறு புரட்சியாகவே தோன்றும்.

மேசையிற் கற்பித்த பாடம் எத்தன்மையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். சாய்வாக முறிந்த எலும்பின் இரு துண்டுகளை ஒரே திருகாணியால் இறுக்க வேண்டும். திருகாணியின் மரை 4.5 மில்லிமீட்டர் அகலம். அருகிலுள்ள துண்டில் 4.5 மில்லிமீட்டர் துளை. மரை அங்கே பிடிக்காமல் வழுக்கிச் செல்லும். அப்பாலுள்ள துண்டில் 3.2 மில்லிமீட்டர் துளை. அதில் மரை வெட்டும் கருவியால் மரை வெட்டிக் கொள்ள வேண்டும். இப்போது திருகினால், திருகாணியின் தலை அருகுத் துண்டை அழுத்த, மரை அப்பால் துண்டை இழுக்க, இரண்டும் இறுகி ஒன்றாகும். துளைகள் இரண்டும் சிறியனவாயின் மரை இருபுறமும் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு திருகினாலும் இடைவெளி நெருங்காது. இதைத் தச்சர் அறிவார். மருத்துவர் அறியமாட்டார், கல்லூரியில் அவருக்கு யாரும் சொன்னதில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்திற் படித்துவிடலாம்தான்; ஆனால் மரை எலும்பைக் கவ்வும் அந்த இறுக்கத்தை விரல் உணர்ந்தாலன்றிப் புத்தி நம்பாது. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் மரை அழிந்துபோகும் இடம் எது என்பதையும் விரலே சொல்ல வேண்டும். நோயாளியின் காலில் இதைக் கற்பதைவிட, வலியறியாத எலும்பில் நாலு முறை கெடுத்துக் கற்பது நல்லது என்பதுதான் டாவோஸின் எளிய நீதி.

நான்கு விதிகளை அவர்கள் மனப்பாடமாக்கினர்: எலும்பை இயற்கை நிலைக்குச் சரியாகப் பொருத்து, அசையாது நிறுத்து, குருதியோட்டத்தைக் காப்பாற்று, மூட்டையும் தசையையும் உடனே இயங்கச் செய். 1963-இல் முல்லர், அல்கோவர், வில்லெனெகர் மூவரும் எழுதிய நூல் வெளிவந்தது. 1969-இல் கைந்நூல் வந்தது. ஆயினும் நூல் வகுப்புக்குத் துணையாயிருந்ததேயன்றி, வகுப்பின் இடத்தை அது பிடித்துக்கொள்ளவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் அவர்கள் முதல்நாள் தொட்டே வற்புறுத்தினர். ஒவ்வோர் அறுவையும் எழுதப்பட வேண்டும்: அறுவைக்கு முன் எக்ஸ்ரே, பின் எக்ஸ்ரே, மாதங்கள் கழித்து எக்ஸ்ரே. வென்றதும் வரவேண்டும், தோற்றதும் வரவேண்டும். இப்படங்கள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டன. தம் தோல்வியைத் தம் கையால் எழுதித் தம் நண்பர்க்கு அனுப்புவது எந்தத் தொழிலினர்க்கும் எளிதன்று. ஆனால் அடுத்த ஆண்டு வகுப்பில் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதை இத்தொகுப்பே காட்டிற்று.

எண்ணற்ற படங்கள் சேர்ந்தபோது அவற்றை வகைப்படுத்த ஓர் இலக்கணம் தேவைப்பட்டது. முல்லர் அதையும் செய்தார். மேற்கைக்கு 1, முன்கைக்கு 2, தொடைக்கு 3, கீழ்க்காலுக்கு 4. ஒவ்வொன்றிலும் மேல்முனை 1, நடு 2, கீழ்முனை 3. முறிவின் எளிமை கடுமைக்கேற்ப ஏ, பி, சி. ஆகவே 32-ஏ என்று எழுதினால், தொடையெலும்பின் நடுவில் எளிய முறிவு என்று எந்த நாட்டு மருத்துவரும் அறிவர். பகாப்பதம், பகுபதம் என்று சொல்லைப் பகுத்துப் பழகிய தமிழாசிரியர்க்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை. பெயரில்லாத பொருளைப் பற்றி இருவர் வாதாட முடியாது.

இனிப் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு குறைபடும். கருவி விற்றால் இலாபம் வரும். அந்த இலாபம் யாருக்கு? 1960-இல் சிந்தெஸ் என்ற நிறுவனத்தைக் கூர் நகரில் அமைத்து, கருவிகளின் உரிமையைக் கழகத்தார் அதனிடம் ஒப்படைத்தனர். செய்து விற்போர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கைக் கொடுக்க, அது ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் செலவாயிற்று. நிறுவியவர்கள் அதைத் தம் பைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. இது போற்றத்தக்க செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. ஒரு கம்பெனியின் கருவியை வைத்துப் பயின்ற மருத்துவர், ஊர் திரும்பி எந்தக் கருவியை வாங்கச் சொல்வார்? கற்பிப்பதும் விற்பதும் ஒரே கூரையின்கீழ் நடக்கும்போது, எது பாடம், எது விளம்பரம் என்று பிரித்தறிவது கடினம். காலப்போக்கில் சிந்தெஸ் என்ற பெயரில் வளர்ந்த தொழில் மிகப் பெரிதாகி, 2012-இல் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியால் வாங்கப்பட்டது. 1984-இல் அறக்கட்டளையாக மாறிய ஏ.ஓ. தனி நிறுவனமாகவே இருந்து வருகிறது; வகுப்புகளில் வணிகச் சாய்வு இருக்கலாகாது என்று விதிகளும் வகுத்திருக்கிறது. விதி இருப்பதே அந்த ஆபத்து இருப்பதற்குச் சான்று என்பார் கூற்றைத் தள்ளிவிட முடியாது.

1972-இல் வில்லெனெகர் தலைமையில் பன்னாட்டுக் கிளை தொடங்கி, வகுப்புகள் பிற கண்டங்களுக்குச் சென்றன. எலும்புகள் போதாமற்போகவே பிளாஸ்டிக் எலும்புகள் செய்யப்பட்டன. அறுவைக்கூடத் தாதியர்க்கும் தனி வகுப்புகள் ஏற்பட்டன. கருவியை எடுத்துக் கொடுப்பவர்க்கு வரிசை தெரியாவிட்டால் மருத்துவர்க்குத் தெரிந்து என்ன பயன்? எதிர்ப்பும் இருந்தது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1950-இல் எழுதிய நூலைப் படித்து, கத்தியின்றி முறிவைக் கூட்டுவதும் ஒரு நுண்கலையே என்று நம்பியவர் பலர். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை.

ஏனெனில், பள்ளி வளர்ந்தபோது அதன் பாடமே ஒரு சமயக் கோட்பாடுபோல் இறுகிவிட்டது. ஒவ்வொரு துண்டையும் பொறுக்கி எடுத்துச் சரியாகப் பொருத்த வேண்டும் என்ற முதல் விதியில் மனம் லயித்தவர்கள், குருதியோட்டத்தைக் காக்க வேண்டும் என்ற மூன்றாம் விதியை மறந்தார்கள். துண்டுகளைப் பொருத்துவதற்காகத் தசையைப் பிரித்தால் துண்டு உயிரிழக்கும். எக்ஸ்ரேயில் அழகாயிருக்கும், எலும்பு கூடாது. டாவோஸ் ஆராய்ச்சிக் கூடத்தை 1967 முதல் நடத்திய ஸ்டெபன் பெரன், தகடு அழுத்திய இடத்தில் எலும்பு நலிவதைச் சோதனைகளால் ஆராய்ந்தார். 1989-இல் மாஸ்ட், ஜேக்கப், கான்ஸ் என்னும் மூவர் வெளியிட்ட நூல், முறிந்த இடத்தைத் தொடாமலே தொலைவிலிருந்து இழுத்து நேராக்கும் வழிகளைக் காட்டியது. தண்டெலும்பில் நீளமும் நேர்மையும் சுழற்சியும் சரியாக வந்தாற் போதும்; துண்டுகள் தாமே புடைப்பு விட்டுக் கூடட்டும் என்று பாடம் மாறியது. டானிஸ் தவிர்க்க முயன்ற அந்தப் புடைப்பு, இப்போது வரவேற்கப்பட்டது. மூட்டுக்குள் முறிந்தால் மட்டும் பழைய கண்டிப்பு நிலைத்தது. தானே எழுதிய பாடத்தை மாற்றி எழுதிய பள்ளி, முப்பது ஆண்டுகளாக அதைக் கற்றுத் தேர்ந்தவர்களை மறுபடியும் அதே மேசைக்கு அழைத்து வந்து மறக்கச் செய்ய வேண்டியிருந்தது. கற்பிப்பதினும் அது கடினமான பணி. கற்பிப்போர்க்கே கற்பிக்கும் முறையில் பயிற்சி வேண்டும் என்பதையும் அவர்கள் உணர்ந்து அதற்கென வகுப்புகள் வைத்தனர். நீண்ட விரிவுரை குறைந்தது. சிறு குழுவில் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு வாதாடுவது மிகுந்தது.

எலும்பைக் கூட்டுவதற்கு முன் உயிர் நிற்க வேண்டும் அல்லவா? அதற்கான கல்வி வேறொரு துயரத்திற் பிறந்தது. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு அறுவை மருத்துவர் தாம் ஓட்டிச் சென்ற சிறு விமானம் வயலில் விழுந்து காயமுற்றார். மனைவி அங்கேயே இறந்தார். நான்கு குழந்தைகளில் மூவர்க்குக் கடுங்காயம். அவர்களைக் கொண்டு சேர்த்த சிற்றூர் ஆஸ்பத்திரியில், அடிபட்டவனை எந்த வரிசையிற் கவனிப்பது என்றே தெரிந்திருக்கவில்லை என்பதை அவர் கண்டார். ஊர் திரும்பி நண்பர்களோடு சேர்ந்து ஒரு பயிற்சியை வகுத்தார். மூச்சுவழி முதல், மூச்சு அடுத்து, குருதியோட்டம் அதன்பின் என்று வரிசை. 1978-இல் முதல் வகுப்பு நடந்தது. 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றது. இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது கற்பிக்கப்படுகிறது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் சாலை விபத்துகளில் இறந்தோர் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வருவாய் குறைந்த, இடைத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள். மலேசியாவில் மட்டும் 2016-இல் 7,152 பேர் இறந்தனர். அவர்களில் மோட்டார் சைக்கிளில் சென்றோரே மிகுதி. இறவாது கால் முறிந்தோர் தொகை இதனினும் பன்மடங்கு. ஆகவே கல்வி எங்கே மிகுதியாகத் தேவையோ, அங்கே பணம் குறைவு. டாவோஸுக்குப் போய்வரும் செலவை ஏழை நாட்டு மாவட்ட மருத்துவர் எங்ஙனம் தாங்குவார்?

அடிபட்டோர் மிகுதியாயிருக்கும் இடமே ஒரு பள்ளியாகலாம் என்பதைக் கோயம்புத்தூர் காட்டியது. 1978-இல் தொடங்கிய கங்கா ஆஸ்பத்திரியில், தோல் கிழிந்து நசுங்கிய கீழ்க்கால்கள் நாள்தோறும் வந்தன. அத்தகைய காயங்களை வகைப்படுத்த, ராமன் கஸ்டிலோ என்பார் 1976-இல் அமைத்து 1984-இல் விரித்த முறையையே உலகம் கையாண்டு வந்தது. ஆனால் அதன் ஒரு பிரிவுக்குள் காப்பாற்றக்கூடிய காலும் காப்பாற்ற முடியாத காலும் ஒன்றாய்க் கிடந்தன. எஸ். ராஜசேகரனும் உடனிருந்தோரும் தோல், எலும்பு, தசை நரம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் கொடுத்து, நோயாளியின் மற்றக் குறைகளையும் கூட்டி ஒரு கணக்கு வகுத்து 2006-இல் வெளியிட்டனர். 14-உம் அதற்குக் குறைவும் ஆனால் காலைக் காக்க முயல்க. 17-உம் அதற்கு மேலும் ஆனால் எடுத்துவிடுவதே நலம். இடைப்பட்டதற்கு அனுபவமுள்ளவர் ஆராய்ந்து முடிவு செய்க. இன்று பிற நாட்டு மருத்துவர்கள் அங்கே சென்று பயில்கின்றனர்.

மற்றொரு வழி அமெரிக்காவின் ரிச்லேண்ட் நகரிலிருந்து வந்தது. வியட்நாம் போரில் படை மருத்துவராயிருந்த லூயிஸ் சர்க்கிள் 1999-இல் சைன் என்ற அறநிறுவனத்தைத் தொடங்கினார். தொடைக்குள் ஆணியைச் செலுத்தி, இரு முனையிலும் குறுக்குத் திருகாணி பூட்ட, அறுவை நடக்கும்போதே உள்ளே காட்டும் எக்ஸ்ரே இயந்திரம் வேண்டும். ஏழை ஆஸ்பத்திரிகளில் அது இராது. அவ்வியந்திரம் இன்றியே துளையைக் கண்டுபிடிக்க உதவும் சட்டம் ஒன்றை அமைத்து, ஆணிகளையும் பயிற்சியையும் அவர் இலவசமாகவே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: செய்த ஒவ்வோர் அறுவையையும் எக்ஸ்ரேயுடன் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பினால் செலவான ஆணிக்கு ஈடாக வேறு ஆணி வரும். படத்தைப் பார்த்தவர்கள் எழுதிய திருத்தமும் வரும்.

சில மாதங்கள் கழித்து இன்னொரு படமும் அனுப்ப வேண்டும். இதற்கு எக்ஸ்ரே தேவையில்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மக்கள் குந்தியிருந்தே உண்கின்றனர், உழைக்கின்றனர். இடுப்பும் முழங்காலும் முழுக்க மடங்கி, எலும்பு வலியின்றிச் சுமை தாங்கினாலன்றி ஒருவர் குந்த முடியாது. ஆகவே கால் முறிந்த அந்த மனிதர் தரையிற் குந்திக்கொண்டு சிரிக்கும் புகைப்படம் ஒன்று, அவருடைய பதிவோடு சேர்த்து வைக்கப்படுகிறது.